மூன்று பேர் வந்த வண்டி

வயிற்று வலி என்று கூட்டிவந்தார்கள்.
மோனிஷா, ஏழாம் வகுப்பு.
தர்மபுரி, சேலம், கடைசியாக பெங்களூரு,
மூன்று ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோப்பி.
எல்லாத் தாளிலும் நார்மல்.
அந்தச் சொல்லை நீட்டியபடி
இவ்வளவு சோர்ந்த முகங்களை
நான் பார்த்ததில்லை.

நாலு ரோட்டில், மருந்துக் கடைக்கு மேலே என் அறை.
நாற்காலியை நான் எடுத்துப் போடுவதில்லை,
அவரவர் இழுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.
பாலக்கோடு மண்டியில் தக்காளி லோடு ஓட்டும் மாதேஷ்
கதவோரம்.
சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் நாகவேணி
சுவரோரம்.
பெண் நடுவில், யாரும் சொல்லாமலே.

"அவரையே கேட்கச் சொல்லு" என்றாள் நாகவேணி,
பெண்ணைப் பார்த்து.
"உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார் அவர்,
பெண்ணைப் பார்த்து.
பன்னிரண்டு வயதில் ஒரு தபால் ஆபீஸ்.

பேச மாட்டேங்கறா, அதான் லேட்டா வர்றேன்.
லேட்டா வர்றார், அதான் பேசறதில்லை.
எது முதலில் என்று நான் கேட்கவில்லை.
ஜன்னலுக்குக் கீழே
ரவுண்டானாவைச் சுற்றும் டவுன் பஸ்ஸிடம்
வட்டம் எங்கே ஆரம்பித்தது என்று
யார் கேட்பார்கள்.

கேட்டது இது ஒன்றுதான், அவளிடம்:
வலி வந்தா வீட்ல என்ன நடக்கும்?

"அம்மா வெந்நீர் வைக்கும்.
அப்பா லோடு வேணாம்னு போன் பண்ணிடும்.
அப்புறம் ஒரே வண்டியில ஆஸ்பத்திரிக்கு வருவோம்.
நான் நடுவுல."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"அப்ப மட்டும் அம்மா
என்னைத் தாண்டி
அப்பா தோளைப் பிடிச்சிக்கும்."

நான் படித்த பாடப்புத்தகத்தில்
குடும்பங்கள் காரில் வந்து இறங்கும்.
ஆளுக்கொரு சீட், ஆளுக்கொரு கதவு.
முக்கோணம் என்று அதில் ஒரு அத்தியாயம்,
அம்புக்குறிகளோடு.
பரீட்சையில் அதற்கு எனக்கு நல்ல மார்க்.
அந்த அத்தியாயத்தில் பைக் கிடையாது.

வெள்ளைத்தாளில் குடும்பத்தை வரைந்தோம்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
செத்தவர்மேல் பெருக்கல் குறி.
மாதேஷ் பக்கத்தில் ஒரு வட்டத்தில் பேனா நின்றது.
தங்கச்சி. காவேரியம்மா. பத்தொன்பது வயசு.
எப்படி?
"வயித்துவலி" என்றார்.

பேப்பரில் அப்படித்தான் போடுவார்கள்.
ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள்.
அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று
பேப்பர் படிக்கிற யாரும் கேட்பதில்லை.

அறைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக
நாகவேணி நேராகக் கணவனைப் பார்த்தாள்.
"எங்கிட்ட காய்ச்சல்னுதானே சொன்னீங்க."
அவர் தாளைப் பார்த்தார்.
மோனிஷா
அந்த வட்டத்தையும் பார்த்தாள்,
கீழே தன் வட்டத்தையும்.

மருந்து எழுத எனக்கு அதிகாரமில்லை.
வலி இல்லாத நாளாகப் பார்த்து
நீங்க ரெண்டு பேர் மட்டும்
வண்டியில எங்கேயாவது போயிட்டு வாங்க என்றேன்.
"எதுக்குங்க மேடம்?"
சும்மாதான்.
சும்மா போவதற்கு
அந்த வீட்டில் இதுவரை பெட்ரோல் போட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தார்கள்.
வெள்ளிச்சந்தை வரை ஒரு வார்த்தை இல்லையாம்.
திரும்பும்போது சண்டையாம்,
வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு,
லாரிகள் தாண்டத் தாண்ட,
காவேரியம்மாவைப் பற்றி.
"அன்னிக்கு அழாததெல்லாம் அழுதாரு.
ஆனா மேடம், வீட்ல இப்ப சண்டை ஜாஸ்தியாயிடுச்சு."
ஃபைலில் 'முன்னேற்றம்' என்று எழுதினேன்.
எழுதிவிட்டு, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வலியைப் பற்றிக் கேட்க மறந்திருந்தேன்.
அவர்களும் சொல்ல மறந்திருந்தார்கள்.
வாசல்வரை போனவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
மோனிஷா யோசித்தாள்.
"செவ்வாக்கிழமை லேசா.
மாவு புளிச்சிருந்துச்சு."

அன்று முழுக்க அவள் நாற்காலி
ஜன்னலோரம் கிடந்தது.
அப்பா அம்மாவுக்கு நடுவில்
கைப்பை வைக்கிற அளவு வெற்றிடம்.
அதன்மேல் அவர்கள் குரல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க,
கீழே பார்த்தபடி அவள் சொன்னாள்,
யாரிடமும் இல்லை,
"அந்தப் பச்சை பஸ்ஸு
இதோட நாலாவது சுத்து."